லூண்கரண்சர் மணலில் ஆலிவ்: மரம் தழைக்கிறது, காய் பிடிப்பதில்லை

கேள்வி: தார்க்கரை

அனைவருக்கும் வணக்கம். ராஜஸ்தானின் பீகானேர் மாவட்டத்தில், லூண்கரண்சருக்கு அருகே, எனக்கு நெருக்கமான ஒரு குடும்பத்தின் நிலத்தைப் பராமரிக்கும் பொறுப்பில் இருக்கிறேன். இந்திரா காந்தி கால்வாய்ப் பாசனம் பெறும் ஒரு முரப்பா நிலம், அதாவது 25 பீகா. ஏறத்தாழ ஆறேகால் எக்டேர். அதில் இரண்டு எக்டேரில் ஆலிவ் நட்டிருக்கிறார்கள். வரிசைக்கு வரிசை 7 மீட்டர், மரத்துக்கு மரம் 4 மீட்டர் இடைவெளியில் ஏறக்குறைய 700 மரங்கள் நிற்கின்றன. பெரும்பகுதி பார்னியா இரகம். மேற்கு ஓரத்து வரிசைகளில் மட்டும் கொரட்டினா. மரங்களுக்கு எட்டு வயதாகிறது. மீதமுள்ள நிலத்தில் குளிர்காலத்தில் கோதுமையும் கடுகும், மழைக்காலத்தில் குவார் எனப்படும் கொத்தவரையும் பயிராகின்றன.

இப்பகுதிக்கு ஆலிவ் வந்த கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 2007இல் மாநில வேளாண் விற்பனை வாரியமும், புனேயைச் சேர்ந்த சொட்டுநீர்ப் பாசன நிறுவனம் ஒன்றும், இஸ்ரேலிய நிறுவனம் ஒன்றும் சேர்ந்து ராஜஸ்தான் ஆலிவ் சாகுபடி நிறுவனத்தைத் தொடங்கின. 2008இல் இஸ்ரேலிலிருந்து ஏழு இரகங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கன்றுகள் கொண்டுவரப்பட்டு, ஏழு அரசுப் பண்ணைகளில் 182 எக்டேரில் நடப்பட்டன. லூண்கரண்சர் அவற்றுள் ஒன்று. 2014இல் இங்கேயே எண்ணெய் ஆலையும் திறக்கப்பட்டது. அதைப் பார்த்துத்தான் சுற்றுவட்டாரத்தில் தனியாரும் நட்டார்கள்.

எங்கள் மரங்கள் வாடவில்லை. மே மாத வெயிலையும் ஆந்தி எனப்படும் புழுதிக் காற்றையும் தாங்கி, மூன்று மீட்டருக்கு மேல் வளர்ந்து, அடர்த்தியாகத் தழைத்திருக்கின்றன. ஆனால் காய் மிகக் குறைவு. சில மரங்கள் பூப்பதே இல்லை. சில மரங்கள் மார்ச் மாதத்தில் வெள்ளையாகப் பூத்துச் சொரிந்துவிட்டு, ஏப்ரலில் வெறும் இலையோடு நிற்கின்றன. சொட்டுநீர் அமைத்திருக்கிறோம். நீரில் உள்ள உப்பைக் காட்டும் மின்கடத்துத்திறன் கால்வாய் நீருக்கு மீட்டருக்கு 0.3 டெசிசீமன்ஸ், ஆழ்துளைக் கிணற்று நீருக்கு 5.5. ஆண்டுக்கு மூன்று முறை, கடைசியாக நவம்பரில், சொட்டுநீர் வழியே யூரியா தருகிறோம்.

மீதமுள்ள நான்கு எக்டேரிலும் ஆலிவ் நடலாமா என்று நிலத்துக்காரர் கேட்கிறார். இருக்கும் மரங்கள் ஏன் காய்க்கவில்லை என்று தெரியாமல் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில்: கிளைநுனி

வணக்கம் ஐயா. கேள்வியை இவ்வளவு விவரத்தோடு எழுதியதற்கு நன்றி. ஆலிவ் வறட்சியைத் தாங்கும் மரம் என்பதால் பாலைவனத்துக்கு ஏற்றது என்ற ஒற்றை வரியை நம்பித்தான் நாட்டில் பல தோட்டங்கள் தொடங்கப்பட்டன. அந்த வரி பொய் இல்லை; ஆனால் அது மரம் உயிர்வாழ்வதைப் பற்றி மட்டுமே பேசுகிறது. காய்ப்பது வேறு கணக்கு. அந்தக் கணக்கு கோடை வெயிலில் அல்ல, டிசம்பர் முதல் மார்ச் வரையிலான நான்கு மாதங்களில் முடிந்துவிடுகிறது.

ஆலிவ் சென்ற ஆண்டு வளர்ந்த கிளையில்தான் பூக்கும். அந்தக் கிளையின் ஒவ்வோர் இலைக்கக்கத்திலும் இருக்கும் மொட்டு பூங்கொத்தாக வேண்டுமானால், அதற்குக் குளிர் கிடைக்க வேண்டும். கலிபோர்னியாவின் டேவிஸ் வேளாண் வளாகத்தில் ஹார்ட்மன் 1950களில் செய்த ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டின: குளிர்காலம் முழுவதும் வெதுவெதுப்பான கண்ணாடிக்கூடத்தில் வைக்கப்பட்ட மரங்கள் பச்சையாக வளர்ந்தன, பூக்கவில்லை, வெளியே குளிரில் நின்றவை பூத்தன. இரவில் ஐந்து பாகை செல்சியஸை ஒட்டியும் பகலில் பதினெட்டைத் தாண்டாமலும் பல வாரங்கள் நீடிக்கும் குளிர்தான் இந்த மரத்துக்கு உகந்தது. பீகானேரின் சனவரி இரவுகள் அதற்குப் போதுமானவை. குறை பகலில் இருக்கிறது. வானம் தெளிந்திருக்கும் பாலைவனத்தில் சனவரியிலேயே பகல் வெப்பம் 22, 23 பாகைக்கு ஏறிவிடுகிறது. பிப்ரவரியில் இன்னும் கூடுகிறது. இரவில் சேர்ந்த குளிரின் பயனை இத்தகைய வெப்பமான பகல்கள் குறைத்துவிடுகின்றன. மிதமான குளிரில் ஓரளவு பூக்கும் இரகங்கள் அர்பெக்கினாவும் கொரொனெய்கியும். மற்ற பல இரகங்களுக்கு இன்னும் கூடுதலான குளிர் வேண்டும்.

இது ராஜஸ்தானுக்கு மட்டும் உரிய சிக்கல் என்று நினைக்க வேண்டாம். பெரு நாட்டின் தென்கோடியில் உள்ள தாக்னா பகுதி ஏறத்தாழ மழையே இல்லாத கடலோரப் பாலைவனம். அங்கு முழுவதும் பாசனத்தில் ஆலிவ் விளைகிறது. 2023இல் எல் நினோவால் கடல் சூடேறிக் குளிர்காலம் குளிராமலே கடந்தது. அடுத்த ஆண்டு அறுவடை பெருமளவு சரிந்தது. தண்ணீரிலோ உரத்திலோ எந்தக் குறையும் இல்லாமலே இது நடந்தது. பாலைவன ஆலிவைப் பற்றிப் பேசும் ஒவ்வொருவரும் முதலில் படிக்க வேண்டிய பாடம் அது என்று நான் கருதுகிறேன்.

உங்கள் தோட்டத்தில் இரண்டு வெவ்வேறு குறைகள் கலந்திருக்கின்றன. பூக்காத மரங்களின் காரணம் வேறு, பூத்து உதிர்க்கும் மரங்களின் காரணம் வேறு. இரண்டையும் சேர்த்து ஒரே மருந்து தேடினால் எதுவும் தீராது.

பூக்காத மரங்களைப் பொறுத்தவரை குளிர்ப் பற்றாக்குறை ஒரு பங்கு. நவம்பர் யூரியா மற்றொரு பங்கு. மழைக்காலத்தில் பெருகிய துளிர் முற்றுவதற்குள் மீண்டும் தழைச்சத்து தந்தால் மரம் இளங்கிளை விடுவதிலேயே குறியாக இருக்கும். அந்த இளங்கிளையில் பூமொட்டு உருவாகாது. ஆகஸ்டுக்குப் பிறகு தழைச்சத்தை முற்றிலும் நிறுத்துங்கள். சூலையில், அந்த ஆண்டுக் கிளையின் நடுப்பகுதியிலிருந்து முற்றிய இலைகளைப் பறித்துச் சோதனைக்கு அனுப்புங்கள். இலையில் தழைச்சத்து 1.5 முதல் 2 விழுக்காடு இருந்தால் போதும். அதற்கு மேல் இருந்தால் அடுத்த ஆண்டு யூரியாவே தேவையில்லை. அடர்ந்த உள்கிளைகளைக் கழித்து வெயில் உள்ளே விழச் செய்ய வேண்டும். ஆனால் ஒரே ஆண்டில் கடுமையாகக் கவாத்து செய்துவிடாதீர்கள். அப்படிச் செய்தால் மரம் மறுபடியும் தழைக்கத்தான் தொடங்கும்.

பூத்து உதிர்க்கும் மரங்களுக்கு ஓர் எளிய சோதனை இருக்கிறது. தோட்டத்தில் இன்னும் பூ மிச்சமிருந்தால், வெவ்வேறு மரங்களிலிருந்து நூறு பூக்களைப் பறித்து, ஒவ்வொன்றின் நடுவிலும், பின்னர் காயாக வளரும் பச்சையான சூலகம் இருக்கிறதா என்று உருப்பெருக்கியால் பாருங்கள். ஆலிவில் சூலகம் கருகிப்போய் மகரந்தத் தாள் மட்டும் உள்ள பூக்கள் எப்போதும் ஓரளவு இருக்கும். அவை பாதிக்கு மேல் இருந்தால், பூ விரிவதற்கு முந்தைய வாரங்களில் மரம் தண்ணீருக்கோ ஊட்டத்துக்கோ தவித்திருக்கிறது என்று பொருள். சூலகம் சரியாக இருந்தும் காய் பிடிக்கவில்லை என்றால் மகரந்தச் சேர்க்கையில் குறை.

மகரந்தம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஆலிவுக்குத் தேனீ தேவையில்லை. காற்றுதான் மகரந்தத்தைச் சுமக்கிறது. ஆனால் கொரட்டினா தன் மகரந்தத்தால் காய்க்காத இரகம். பார்னியாவும் அயல் மகரந்தம் கிடைத்தால்தான் நன்றாகக் காய்க்கும். மகரந்தம் தரும் மரம் 30 முதல் 60 மீட்டருக்குள் இருப்பது நல்லது. உங்கள் கொரட்டினா முழுவதும் மேற்கு ஓரத்தில் நிற்பதால் கிழக்குப் பாதிக்குப் போதிய மகரந்தம் சென்று சேர வாய்ப்பில்லை. புதிதாக நட வேண்டாம். இருக்கும் பார்னியா வரிசைகளில் இடையிடையே சில மரங்களை வெட்டி, வசந்தத்தில் பட்டை உரியும் பருவத்தில், அர்பெக்கினாவையோ பிக்குவாலையோ ஒட்டுக் கட்டலாம். மேற்கிலிருந்து வரும் வெப்பக் காற்று பூக்கும் வாரங்களில் சூல்முடியை உலர்த்திவிடும் என்பதால் அந்த ஓரத்தில் காற்றுத் தடுப்பு வரிசை ஒன்றும் அவசியம்.

நல்ல விளைச்சல் தரும் ஆலிவ் மரத்தில்கூட நூறு பூவுக்கு ஒன்றிரண்டுதான் காயாகும். ஆகவே பூ சொரிவதைக் கண்டு கலங்க வேண்டாம். அந்த ஒன்றிரண்டும் ஏன் நிற்கவில்லை என்பதைத்தான் தேட வேண்டும்.

பதில்: உவர்நிலம்

கிளைநுனி அவர்கள் மரத்தைப் பற்றிச் சொன்னதோடு நான் உடன்படுகிறேன். மண்ணையும் நீரையும் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

உப்பு நீரில் ஆலிவ் விளையும் என்ற கருத்து இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்திலிருந்து வந்தது. ரமாத் நெகேவ் பகுதியில் நிலத்தடியில் இருப்பது உவர்நீர்தான். பென்குரியன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் அங்கே 4.2 டெசிசீமன்ஸ் அளவுள்ள நீரைச் சொட்டுநீராகத் தந்து, பார்னியா உள்ளிட்ட இரகங்களில் நல்ல விளைச்சலைக் காட்டினார்கள். இந்த முடிவை மேற்கோள் காட்டுகிறவர்கள் அதன் நிபந்தனைகளை விட்டுவிடுகிறார்கள். நீர் தங்குதடையின்றிக் கீழே வடியும் ஆழமான மண், மரத்தின் தேவையைவிடச் சற்று கூடுதலாகத் தந்து உப்பை வேர்மண்டலத்துக்குக் கீழே தள்ளும் பாசனம், ஆண்டு முழுவதும் விடாத கண்காணிப்பு ஆகிய மூன்றும் சேர்ந்துதான் அந்த விளைச்சலைத் தந்தன. வடிகால் இல்லாத மண்ணில் அதே நீரைத் தந்தால் சில ஆண்டுகளில் வேர் கருகும்.

உங்கள் கிணற்று நீர் 5.5. அதைத் தனியாகத் தரவே கூடாது. ஒரு பங்கு கிணற்று நீரோடு இரண்டு பங்கு கால்வாய் நீரைக் கலந்தால் ஏறத்தாழ 2 டெசிசீமன்ஸ் கிடைக்கும். வேர்மண்டலத்தின் உப்பை 4க்குள் வைத்திருக்க, அந்த நீரைத் தேவையைவிடப் பத்தில் ஒரு பங்கு கூடுதலாகத் தந்தால் போதும். கிணற்று நீரின் மின்கடத்துத்திறனை மட்டும் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். எஞ்சிய சோடியம் கார்பனேட்டையும் சோதியுங்கள். மேற்கு ராஜஸ்தானின் பல கிணறுகளில் அது மிகுதியாக இருக்கிறது. மண்ணின் துளைகளை அடைத்து, நீர் உள்ளே இறங்காமல் செய்துவிடுகிறது. அதற்குரிய மருந்தான ஜிப்சம் உங்கள் வட்டாரத்திலேயே வெட்டி எடுக்கப்படுகிறது என்பது பெரிய வசதி.

அடுத்து, தோட்டத்தில் இரண்டு மூன்று இடங்களில் ஒன்றரை மீட்டர் ஆழத்துக்குக் குழி வெட்டிப் பாருங்கள். இதைச் செய்யாமல் எந்த முடிவும் எடுக்க வேண்டாம். தார்ப் பாலைவனத்து மணலின் கீழே பல இடங்களில் சுண்ணாம்பு இறுகிய கங்கர்ப் படலம் இருக்கிறது. கால்வாய் வந்த பிறகு அந்தப் படலத்தின் மேல் நீர் தேங்கி, லூண்கரண்சரிலும் அனுமான்கட் மாவட்டத்திலும் உழவர்கள் 'சேம்' என்று சொல்லும் நீர்க்கோப்பு உருவானது. வறட்சிக்கு அஞ்சாத ஆலிவ் வேர், காற்றில்லாத ஈர மண்ணில் விரைவில் அழுகிவிடும். மேலே பாலைவனம், கீழே சதுப்பு என்ற நிலையில் இந்த மரம் நிலைக்காது.

மழையைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. பருவமழையின் முதல் தூறலின்போது பலரும் சொட்டுநீரை நிறுத்திவிடுகிறார்கள். குழாயில் நீர் சொட்டும் சொட்டுவானைச் சுற்றி மேற்பரப்பில் படிந்திருக்கும் உப்பு வளையத்தை அந்தத் தூறல் கரைத்து நேராக வேருக்குக் கொண்டுசெல்லும். ஆகவே நல்ல கனமழை பெய்து மண் கழுவப்படும்வரை, மழையிலும் சொட்டுநீர் ஓட வேண்டும். நெகேவில் இது வழக்கமான நடைமுறை.

உங்களிடம் எனக்கு ஒரு கேள்வி: பிப்ரவரியிலும் மார்ச்சிலும் ஆலிவுக்கு எந்த நீர் போகிறது?

தார்க்கரை

இரு ஐயாக்களுக்கும் நன்றி. கேட்டவற்றைச் செய்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

தாமதமாகப் பூத்த சில பார்னியா மரங்களில் பூ மிச்சமிருந்தது. பறித்த நூற்றில் பாதிக்கு மேல் சூலகம் இல்லை. நடுவில் பழுப்பு நிறத்தில் ஒரு புள்ளிதான் இருந்தது. மேற்குப் பக்கம் வெட்டிய குழியில் ஒன்றரை மீட்டர் வரை தூய மணல். கிழக்குப் பக்கம் 90 சென்டிமீட்டரில் வெள்ளையான கெட்டிப் படலம் வந்துவிட்டது, கடப்பாரை இறங்கவில்லை. பூக்காத மரங்களில் பெரும்பாலானவை அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன.

பிப்ரவரி, மார்ச் கேள்விக்கு விடை சொல்லும்போதே எனக்கு விளங்கத் தொடங்கிவிட்டது. கால்வாய் நீர் எங்களுக்கு முறை வைத்துத்தான் வருகிறது. அந்த மாதங்களில் கோதுமை கதிர் பிடிக்கும் பருவம் என்பதால், முறை நீர் முழுவதும் கோதுமைக்குப் போகிறது. ஆலிவ் தாங்கும் மரம் என்று சொல்லி அதற்குக் கிணற்று நீரை மட்டும் திறந்துவிடுகிறார்கள். அது முடிந்த பிறகு, பழுதுபார்ப்புக்காகக் கால்வாயையே மூடிவிடும் நகர்பந்தி காலம் வந்துவிடுகிறது. நிலத்தில் 10 லட்சம் லிட்டர் கொள்ளும், டிக்கி எனப்படும் நீர்த்தேக்கத் தொட்டி ஒன்று இருக்கிறது. அதையும் கோதுமைக்கே பயன்படுத்துகிறார்கள்.

பதில்: உவர்நிலம்

உங்கள் விடையிலேயே நோயின் பெரும்பகுதி தெரிகிறது. சூலகம் உருவாகும் அந்த ஆறேழு வாரங்கள்தான் ஆலிவுக்கு ஆண்டிலேயே மிக நுட்பமான காலம். சரியாக அந்தக் காலத்தில் அதற்கு 5.5 அளவுள்ள உப்பு நீர் கிடைக்கிறது. மரம் வாடாமல் நிற்பதால் அதன் தவிப்பு வெளியே தெரிவதில்லை; பூவின் உள்ளே தெரிகிறது.

டிக்கி நீரை ஆலிவுக்கு ஒதுக்குங்கள் என்று கேட்டால் வீட்டார் தயங்குவார்கள். ஆகையால் கணக்கோடு கேளுங்கள். பூக்கும் பருவத்தில் ஒரு மரத்துக்கு நாளுக்கு 40 லிட்டர் என்று வைத்தால் 700 மரங்களுக்கு 28,000 லிட்டர் ஆகும். நிரம்பிய டிக்கி ஒன்று, ஆவியாகும் நீரைக் கழித்தாலும், ஒரு மாதத்துக்குப் போதும். பிப்ரவரி நடுவில் தொடங்கிக் காய் பட்டாணி அளவுக்கு வரும்வரை டிக்கி நீரையும் முறை நீரில் ஒரு பங்கையும் தாருங்கள். மே, சூன் மாதங்களில் கொட்டை இறுகும்போது மரம் குறைவான நீரைப் பொறுத்துக்கொள்ளும். நீரைச் சேமிக்க வேண்டுமானால் அப்போது சேமியுங்கள், கலந்த உவர்நீரையும் அப்போது தாருங்கள். இப்போது நடப்பது இதற்கு நேர்மாறானது.

கிழக்குப் பகுதியைப் பொறுத்தவரை, மர வரிசைகளுக்கு நடுவே படலத்தை இயந்திரத்தால் பிளந்து வடிகாலுக்கு வழி செய்ய முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் அந்தப் பக்கத்தை ஆலிவுக்கு உரிய நிலமாகக் கருத வேண்டாம். பீகானேரை ஒட்டிய பீச்வாலில் மத்திய வறண்ட நிலத் தோட்டக்கலை நிறுவனம் இருக்கிறது. மண் மாதிரியையும் இலை மாதிரியையும் எடுத்துச் சென்று அவர்களிடம் நேரில் பேசுவது பயனளிக்கும்.

பதில்: பஸீத்தா

வணக்கம். சவூதி அரேபியாவின் வடக்கே அல்ஜூஃப் மாகாணத்தில் உள்ள ஆலிவ் பண்ணைகளில் பாசனப் பணி செய்கிறேன். கூடுதலாக நடலாமா என்ற இரண்டாவது கேள்விக்கு என் கருத்தைச் சொல்ல விரும்புகிறேன்.

இங்கே பஸீத்தா சமவெளியில் உள்ள ஒரு பண்ணை, 7,730 எக்டேரில் 50 லட்சம் ஆலிவ் மரங்களோடு, உலகின் மிகப் பெரிய நவீன ஆலிவ் பண்ணையாக 2018இல் கின்னஸ் பதிவு பெற்றது. நேரில் பார்ப்பவர்களுக்கு அது மலைப்பைத் தரும். குளிர்காலத்தில் இங்கே இரவு வெப்பம் உறைநிலையை நெருங்கும், பகலும் குளிர்ந்திருக்கும், ஆகவே மரம் பூக்கிறது. ஆனால் மழை மிகமிகச் சொற்பம். ஒவ்வொரு மரமும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் நிலத்தடியில் தேங்கிய, இன்று திரும்ப ஊறாத நீரைத்தான் குடிக்கிறது. அதே நீரை இறைத்துக் கோதுமை விளைவித்த அரசு, நீர்மட்டம் இறங்கியதைக் கண்டு 2016இல் உள்நாட்டுக் கோதுமைக் கொள்முதலையே நிறுத்தியது. நான் இந்த வேலையை விரும்பிச் செய்கிறேன். இருந்தும், பாலைவனம் பசுமையாகிவிட்டது என்று யாராவது இப்பண்ணைகளைக் காட்டிச் சொன்னால், அந்த நீர் எங்கிருந்து வருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லச் சொல்வேன்.

இதற்கு எதிர்க்கோடியில் இருப்பது துனிசியாவின் ஸ்பாக்ஸ். ஆண்டுக்கு 200 மி.மீ. அளவே மழை பெறும் அந்த மணற்பாங்கான நிலத்தில், சொட்டுநீர் என்ற ஒன்று பிறப்பதற்கு முன்பே, ஷெம்லாலி இரகத்தை மரத்துக்கு மரம் 24 மீட்டர் இடைவெளியில் நட்டார்கள். எக்டேருக்கு 17 மரங்கள் மட்டுமே. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு நிலம் வீணாகக் கிடப்பதுபோல் தோன்றும். ஆனால் ஒவ்வொரு மரத்துக்கும் 576 சதுர மீட்டர் நிலம் கிடைக்கிறது. அதில் விழும் மழை 1,15,000 லிட்டருக்கு மேல். களை முளைக்க விடாமல் மேல்மண்ணை லேசாக உழுதுகொண்டே இருப்பார்கள். பரந்து ஓடும் வேர், மணலின் ஆழத்தில் தங்கும் ஈரத்தை எடுத்துக்கொள்கிறது. உங்கள் 7க்கு 4 மீட்டர் இடைவெளியில் ஒரு மரத்துக்கு 28 சதுர மீட்டர்; ஆண்டு மழை 250 மி.மீ. என்று கொண்டால் 7,000 லிட்டர்தான். மீதியை எல்லாம் கால்வாயோ கிணறோ தர வேண்டும். நெருக்கமாக நட்டு நன்கு மூடிய ஆலிவ் தோட்டத்துக்கு உங்களைப் போன்ற வெப்பமான இடத்தில் ஆண்டுக்கு 600 முதல் 800 மி.மீ. நீர் தேவைப்படும், ஓர் எக்டேருக்கு 60 லட்சம் முதல் 80 லட்சம் லிட்டர்.

ஸ்பாக்ஸ் முறையை அப்படியே தார்ப் பாலைவனத்துக்குக் கொண்டுவர முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே மழை குளிர்காலத்தில் பெய்து மண்ணில் தங்குகிறது. பூப்பதற்கு முன் மரத்துக்கு ஈரம் கிடைத்துவிடுகிறது. உங்களுக்கு மழை சூலை முதல் செப்டம்பர் வரை, கொதிக்கும் நிலத்தில் விழுந்து, பெரும்பகுதி ஆவியாகிவிடுகிறது. அளவில் சற்றுக் கூடுதலாகப் பெய்தும் ஆலிவுக்குத் தேவையான மாதத்தில் அது இல்லை.

எனவே, மீதி நான்கு எக்டேரில் ஆலிவ் நட வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. கோதுமைக்கும் இரண்டு எக்டேர் ஆலிவுக்குமே பிப்ரவரியில் நீர் போதவில்லை. அதே மாதத்தில் நீர் கேட்கும் இன்னொரு பயிரை மூன்று மடங்காக்கினால் முறை நீரில் எதுவுமே தேறாது. நிலத்துக்காரர் மரப்பயிர்தான் வேண்டும் என்றால் அந்த மண்ணுக்கே உரிய இலந்தை இருக்கிறது. கடும் கோடையில் இலையுதிர்த்து உறங்கிவிட்டு, மழையோடு துளிர்க்கும் மரம் அது. உப்பு நீரைப் பேரீச்சை ஆலிவைவிட மேலாகத் தாங்கும். ஆனால் பழம் முதிரும் நேரத்தில் பருவமழை வந்துவிடுவதால், முழுமையாகப் பழுக்கும் முன்பே பறித்து விற்கும் இரகமாகப் பார்த்து நட வேண்டும். மேற்கு ஓரத்தின் காற்றுத் தடுப்புக்குக் கேஜ்ரி எனப்படும் வன்னி மரத்தையே வையுங்கள். வளர நாளாகும், ஆனால் ஆலிவின் நீரில் பங்கு கேட்காது.

பதில்: செக்கடி

நண்பர்கள் விட்டுவைத்த ஒரு பகுதி எண்ணெய். காய் பிடிக்கத் தொடங்கிய பிறகு இதைப் பற்றி யோசிக்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். முதல் நல்ல காய்ப்பை ஆலை ஏற்பாடு இல்லாமல் வீணாக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மத்தியதரைக்கடல் நாடுகளில் அக்டோபர் முதல் சனவரி வரை, குளிரும் காலத்தில் ஆலிவ் பறிக்கப்படுகிறது. ராஜஸ்தானில் மரம் முன்கூட்டியே பூப்பதால் மழைக்காலத்திலேயே காய் முதிர்ந்துவிடுகிறது. காயில் எண்ணெய் சேரும் மாதங்கள் ஆண்டின் மிக வெப்பமான மாதங்களாக அமைகின்றன. இதனால் எண்ணெயின் அளவு குறைவது மட்டுமல்ல, அதன் தன்மையும் மாறுகிறது. அர்ஜென்டினாவின் கட்டமார்க்கா, லா ரியோகா ஆகிய வறண்ட, வெப்பமான மாகாணங்களில் அர்பெக்கினா எண்ணெயின் முதன்மைக் கொழுப்பு அமிலமான ஒலேயிக் அமிலம் 55 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியதுண்டு. அன்றைய உலகத் தரவிதி அதைவிடக் குறைந்ததை ஆலிவ் எண்ணெயாக ஏற்கவில்லை. கலப்படம் எதுவும் இல்லாத எண்ணெய், வெப்பத்தின் காரணமாகவே தரவிதிக்கு வெளியே போனது. அதனால் அர்பெக்கினாவை மகரந்தத்துக்காகச் சில மரங்களில் ஒட்டுக் கட்டுவது சரி. முழுத் தோட்டத்தையும் அதற்கு மாற்றிவிட வேண்டாம். கொரட்டினாவும் பிக்குவாலும் ஒலேயிக் அமிலத்தை வெப்பத்திலும் ஓரளவு காப்பாற்றும் இரகங்கள். அவற்றின் எண்ணெய் விரைவில் கெடுவதும் இல்லை.

பறிப்பைப் பற்றிச் சொன்னால், காய் முழுவதும் கறுக்கும்வரை காத்திருக்க வேண்டாம். பச்சை மஞ்சளாகி ஊதா படரத் தொடங்கும்போதே பறிக்கலாம். கோணியில் கட்டாமல், காற்றோட்டமுள்ள ஆழம் குறைந்த பெட்டிகளில் எடுத்துச் சென்று, 24 மணி நேரத்துக்குள் அரைத்துவிட வேண்டும். ஆகஸ்ட் புழுக்கத்தில் ஓர் இரவு கூடுதலாகக் கிடந்தாலும் காய் புளித்து, எண்ணெயின் அமிலத்தன்மை 0.8 விழுக்காட்டைத் தாண்டிவிடும். அதற்குப் பிறகு முதல் தர எண்ணெய் என்று விற்க முடியாது. அரைத்த கூழைப் பிசையும்போது வெப்பம் 27 பாகையைத் தாண்டாதபடி ஆலையில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆலை அருகிலேயே இருப்பது உங்களுக்கு நல்வாய்ப்பு. ஆனால் உங்கள் பறிப்பு நாளில் அது ஓடுமா, உங்கள் அளவுக்குத் தனியாக அரைத்துத் தருவார்களா என்பதைச் சூன் மாதத்திலேயே கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

அதுவரை வருமானமே இல்லை என்று வீட்டார் சோர்ந்துபோனால், கவாத்தில் விழும் இலையைப் பற்றிச் சொல்லுங்கள். ராஜஸ்தானில் ஆலிவ் இலைத் தேநீர் சில ஆண்டுகளாக விற்பனையில் இருக்கிறது. பூச்சிமருந்து படாத இலையைக் கழுவி, நிழலில் உலர்த்தித் தந்தால் வாங்குவோர் கிடைப்பார்கள். ஆனால் இலைக்காக என்று கவாத்தைக் கூட்டிவிடாதீர்கள். அடுத்த ஆண்டுக்கான பூ அந்தக் கிளைகளில்தான் இருக்கிறது.

தார்க்கரை

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மாலை நிலத்துக்காரரோடும் அவருடைய மகனோடும் உட்கார்ந்து இவை அனைத்தையும் பேசினேன். புதிய நிலத்தில் ஆலிவ் நடும் பேச்சை நிறுத்திவைக்க ஒப்புக்கொண்டார்கள். டிக்கி நீர்க் கணக்கைக் காட்டியபோதுதான் விவாதம் வந்தது. கோதுமைப் பரப்பில் சிறிது குறைத்து, அந்த இடத்தில் இரண்டு முறை பாசனத்தோடு நின்றுகொள்ளும் கடுகை விதைத்தால், பிப்ரவரியில் ஆலிவுக்கு முறை நீரில் ஒரு பங்கு தர முடியும் என்று மகன் சொன்னார். அக்டோபரில் விதைப்புக்கு முன் அதை முடிவு செய்வோம். கிழக்குப் பக்கத்துப் படலத்தைப் பிளக்க ஆகும் செலவைக் கேட்டிருக்கிறேன்.

கிளைநுனி ஐயாவிடம் இன்னும் ஒரு கேள்வி: ஒட்டுக் கட்டும் மரங்களைக் கெட்டிப் படலம் இல்லாத பகுதியில் மட்டும் தேர்ந்தெடுத்தால், காற்று மேற்கிலிருந்து வருவதால், மகரந்தம் கிழக்கு வரிசைகளுக்கும் போய்ச் சேருமா?

பதில்: கிளைநுனி

சேரும் ஐயா, நடுப்பகுதியில் மேற்கு விளிம்பிலிருந்து ஐம்பதாவது மீட்டரில் ஒரு வரிசையும் நூறாவது மீட்டரை ஒட்டி ஒரு வரிசையும் இருக்குமாறு தேர்ந்தெடுங்கள். ஒட்டுக் குச்சி எடுக்கும் தாய்மரத்தில் நோய் இல்லை என்பதையும், அது உங்கள் பார்னியாவோடு ஒரே வாரத்தில் பூக்கிறது என்பதையும் வரும் மார்ச்சில் பார்த்து உறுதி செய்த பிறகு கத்தியை எடுங்கள். அதற்கு முன், இந்தக் குளிர்காலம் முழுவதும் தோட்டத்தின் நடுவே நிழலில் ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டு, நாள்தோறும் உச்ச அளவையும் தாழ்ந்த அளவையும் குறித்துவையுங்கள். எந்தெந்த மரம் எந்த நாளில் பூத்தது என்பதையும் அதன் எதிரே எழுதி இங்கே பதிவிட்டால், எந்த இரகத்தை வைத்துக்கொள்ளலாம் என்று சேர்ந்தே பார்ப்போம்.